சாட்சிக் குடுவைகள்

மருந்துக்கடையில் நின்று பழகியவளுக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. சீட்டில் டாக்டர் எழுதியது எது, கொண்டுவந்தவர் தன் கையால் சேர்த்தது எது என்று மையின் நிறத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இருமல் மருந்து கேட்பவர் உண்மையிலேயே இருமுகிறாரா என்று பார்ப்பேன். தூக்க மாத்திரை கேட்டு வருபவரை நிற்கவைத்து நாலு வார்த்தை பேசுவேன். கடையைச் சாத்தியதும் இந்தக் கண்ணைக் கழற்றி இழுப்பறையில் வைத்துவிட்டு வா என்றால் எப்படி முடியும்?

ஆகவே, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், பால் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பழுப்பு பாட்டில் பதுங்கியிருந்ததைக் கண்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் ‘குடிக்காதே’ என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரரின் கையெழுத்து. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். அவர் தனக்குத்தானே எழுதி ஒட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

“இது என்னங்க?”

“ஆபீஸ் சாமான்.”

“ஆபீஸ் சாமானுக்கு என் ஃபிரிட்ஜ்ல என்ன வேலை?”

“கொஞ்ச நாள் இருக்கட்டும்.”

அவ்வளவுதான். செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். அவருடைய ஆபீஸில் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பட்டப்பெயர். வைத்தவர் யாரோ, அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கேட்ட கேள்விக்குப் பாதி பதில்தான் வரும். மீதிப் பாதியை நாமே யோசித்து, நாமே கோபப்பட்டு, நாமே சமாதானமாகிக்கொள்ள வேண்டும்.

ஆபீஸ் என்று நாங்கள் சொல்வது தொற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தை. அங்கே அவருக்குக் குடிநீரைச் சோதிக்கும் வேலை. என் தங்கையும் அங்கேதான் இருக்கிறாள். வீட்டில் அவளை எல்லோரும் சின்னவள் என்போம். அந்த வேலைக்கு அவளை விண்ணப்பம் போடச் சொன்னதே இவர்தான். அவள் கெட்டிக்காரி, மளமளவென்று ஏறித் தடுப்பூசிப் பிரிவுக்கே தலைவி ஆகிவிட்டாள். இவர் குடிநீர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் அவள் இவரை ‘மாமா’ என்பாள். ஆபீஸில் இவர் அவளை ‘மேடம்’ என்பார். இரண்டு பேரும் இதில் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை. நான்தான் பட்டேன்.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு வயிற்றுப்போக்கு பரவிக்கொண்டிருந்தது. பெரியவர்களை ஆட்டிவைத்துவிட்டு விட்டுவிடும், குழந்தைகளை விடாது. முன்பெல்லாம் பலித்த மருந்துகளை அந்தக் கிருமி இப்போது சட்டை செய்யவில்லை. என் கடைக்கு ஒரு தகப்பன் அதே சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடி மறுபடி வந்தான். தோளில் ஒரு பெண் குழந்தை துவண்டு கிடந்தது. “இதைவிட பவரா ஒண்ணு குடுங்க” என்று கேட்டான். அவன் கேட்ட மருந்து என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. அப்புறம் அவன் வருவதை நிறுத்திவிட்டான். குழந்தை பிழைத்ததா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் கிருமிக்குத்தான் சின்னவள் தடுப்பூசி செய்துகொண்டிருந்தாள். வேலை இப்படி: கிருமியைச் சத்துள்ள திரவத்தில் விட்டுக் குடுவை குடுவையாக வளர்க்க வேண்டும், பிறகு கொன்று, சுத்தம் செய்து, ஊசிமருந்து ஆக்க வேண்டும். கிருமி நன்றாக வளர்ந்தால் திரவம் கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கிவிடும். உலகமே தெளிவு வேண்டும் என்று கேட்கும்போது என் தங்கைக்கு மட்டும் கலங்கல் வேண்டும். காலையில் குடுவை கலங்கியிருந்தால் அன்றைக்கு அவள் முகம் மலர்ந்திருக்கும்.

பாட்டிலைப் பார்த்த பிறகு நான் இவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன். மாலையில் ஆபீஸ் விட்டால் நேரே வீட்டுக்கு வரும் மனிதர், இப்போது இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருகிறார். காலணியில் சேறு. சட்டையில் ஒரு மாதிரியான வாடை. அடுத்தவள் யாராவது இருந்தால் சென்ட் வாடை அல்லவா அடிக்க வேண்டும்? இவர்மேல் அடித்தது சாக்கடை வாடை. எனக்குச் சந்தேகமும் வந்தது, சந்தேகத்தின்மேல் ஒரு சந்தேகமும் வந்தது.

ஒருநாள் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு முன்னதாகக் கிளம்பி அவர் பின்னாலேயே போனேன். ஆபீஸ் வாசலில் இருந்து இறங்கியவர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டினார், தொற்றுநோய் மருத்துவமனையின் பின்பக்கச் சந்துக்குள் நுழைந்தார். குப்பைத் தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் கழிவுநீர் கால்வாய் ஓடியது. என் வீட்டுக்காரர் கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டுக்கொண்டு கரையில் குந்தினார். பையில் இருந்து கயிறு கட்டிய தகர டப்பாவை எடுத்தார். அதைக் கால்வாயில் விட்டு, மீன் பிடிப்பவர்போலப் பொறுமையாக மொண்டார்.

“சீ!” என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

திரும்பிப் பார்த்தவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. “நீ எப்படி இங்க?”

“அதை நான் கேக்கணும். வீட்ல குழாய்த் தண்ணி வரலையா உங்களுக்கு?”

அன்றைக்குத்தான் வாய் திறந்தார். அதுவும் வீட்டுக்கு வந்து, சோப்பு போட்டுக் கை கழுவி, நான் கதவைச் சாத்திக் குறுக்கே நின்ற பிறகு. கிருமிகளைத் தின்னுகிற கிருமிகள் உண்டாம். ஃபேஜ் என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் கிருமிதின்னி என்று வைத்துக்கொண்டேன். மனிதனை அது ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு தின்னிக்கும் ஒரு குறிப்பிட்ட கிருமிதான் ஆகாரம், வேறெதையும் தொடாது. நோயாளிகளின் கழிவு போகிற இடத்தில் கிருமி இருக்கும், கிருமி இருக்கிற இடத்தில் தின்னியும் இருக்கும். மருந்து கேட்காத இந்தக் கிருமியைத் தின்ன ஒன்று அகப்படுமா என்று தேடுகிறார். மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில், வேலை முடிந்தபின் ஒரு மூலையில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

“இதை ஏன் உங்க ஆபீஸ்லயே பண்ணக்கூடாது?”

“சின்னவ வேண்டாம்னுட்டா. இது அந்தக் கட்டடத்துக்குள்ள நுழைஞ்சா அவ குடுவைல வளர்க்கற கல்ச்சரெல்லாம் போச்சு. அவ சொல்றது நியாயம்தான்.”

“அப்ப ஃபிரிட்ஜ்ல இருக்கறது?”

“அகப்பட்டதுல நல்லது. ஆஸ்பத்திரில கரண்ட் போயிட்டுப் போயிட்டு வருது. வடிகட்டினது, அதுல நோய்க்கிருமி கிடையாது.”

“எந்தச் சாக்கடைல பிடிச்சீங்க அந்த நல்லதை?”

அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கை. “அதை அப்புறம் சொல்றேன்” என்று மென்று முழுங்கினார். அடுத்தவள் இல்லை என்கிற நிம்மதியில் நான் அதை விட்டுவிட்டேன். கடையில் ஒரு வாடிக்கையாளர் இப்படி மென்று முழுங்கியிருந்தால் விட்டிருப்பேனா?

அதற்கடுத்த வாரம் சின்னவள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் சமையலறை வாசலில் நின்றாள்.

“அக்கா, என் குடுவையெல்லாம் தெளிஞ்சு போகுது.”

“அப்படின்னா?”

“சாயங்காலம் கலங்கலா இருக்கு. காலைல வந்து பார்த்தா கண்ணாடி மாதிரி இருக்கு. உள்ள ஒரு கிருமி உயிரோட இல்ல. முதல்ல எப்பவோ ஒண்ணு போச்சு, தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பார்த்தேன். இப்ப தினமும் போகுது.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “இது ஃபேஜ் வேலை. தானா நடக்கலக்கா. யாரோ கொண்டு வந்து விடறாங்க.”

என் முதுகுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் வரும்போதெல்லாம் இதே பேச்சுதான். உதவியாளர்களை எல்லாம் அறையை விட்டு வெளியேற்றிவிட்டாள். கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாள். யாரையும் தொடவிடாமல் தினமும் காலையில் தானே எல்லாக் குடுவையையும் திறந்து பார்த்தாள். கெட்டுப்போனவற்றை விசாரணைக்குச் சாட்சியாகப் பத்திரப்படுத்தினாள். காவல் கூடக் கூட நாசமும் கூடியது. பூட்டுக்கு மேல் பூட்டு போட்டும் ஒருத்தர் உள்ளே வருகிறார் என்றால் அவர் உள்ளாள்தான் என்று சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, மாமா சாயங்காலத்துல எங்க போறார்?”

“எங்க போறார், நடக்கப் போறார்.”

“என் ரூமுக்குப் போற தாழ்வாரத்து மாற்றுச் சாவி ஒண்ணு மாமாகிட்டதான் இருக்கு. தீ விபத்துக்குன்னு குடுத்தது. எனக்கு அவர் மேல தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா யோசிச்சுப் பாரு. என் ஊசி ஜெயிச்சா அவரோட ஃபேஜ் பேச்சை யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க. என் ஊசி தோத்தா?”

தோற்றால் அவர் ஜெயிப்பார். என் மனசு அதுவரை அந்தக் கணக்கைப் போடாமல் இல்லை. இரவெல்லாம் பக்கத்தில் படுத்திருக்கும் ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டு அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கைக்குக் கீழே இத்தனை வருஷம் ‘மேடம், மேடம்’ என்று குனிந்த மனிதருக்கு உள்ளே என்ன புகைந்துகொண்டிருந்ததோ, யார் கண்டது? எந்தச் சாக்கடை என்று கேட்டதற்கு ஏன் பதில் இல்லை? எனக்கு அவரைப் பிடிக்கும். அவரை நான் முழுசாக அறிந்தவள் என்றும் நினைத்திருந்தேன். அதனால்தான் அந்தச் சந்தேகம் அப்படி வலித்தது.

நான் ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலைக் காட்டினேன்.

சின்னவள் அதைத் தொட்ட விதமே வேறு. கைக்குட்டையால் பிடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டாள். “நல்ல காரியம் பண்ணினேக்கா” என்றாள். அவள் படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டபோது, நான் என்ன காரியம் பண்ணினேன் என்று எனக்கே சரியாகப் புரியவில்லை.

அன்று மாலை அவர் வந்து கை கால் கழுவிக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறந்தார். கீழ்த்தட்டையே பார்த்தபடி நின்றார். பால் பாத்திரத்தை நகர்த்திப் பார்க்கக்கூட இல்லை. கதவை மெதுவாகச் சாத்தினார்.

“சாப்பாடு வைக்கட்டுமா?” என்றேன்.

“பசிக்கல.”

ஒரு கேள்வி கேட்டிருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் கேட்கவில்லை. அதிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள்போல இருந்தோம். சில நாளில் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். பாட்டிலில் இருந்த தின்னியும் சின்னவளின் குடுவைகளில் இருந்த தின்னியும் அங்க அடையாளம் மாறாமல் ஒன்றேதான் என்று சோதனையில் வந்துவிட்டதாம். அதைக் கேட்டபோது நான் கடையில் ஒரு அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். தப்பான பெட்டியை எடுத்துவிட்டேன். அத்தனை வருஷத்தில் அது ஒன்றுதான்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பாட்டில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது என்று நான் என் வாயால் சொல்ல வேண்டுமாம். இயக்குநரின் அறை நீளமாக இருந்தது. ஜன்னல் ஓரத்தில் கூஜா, தண்ணீர் டம்ளர்கள், சுவரில் இறந்துபோன இயக்குநர்களின் படங்கள். இப்போதைய இயக்குநரைப் பெரிய மேடம் என்பார்கள். குள்ளமான, நரைத்த பெண்மணி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் இவர். எதிர்ப்பக்கம் சின்னவள். நடுவில், தப்பி ஓட முடியாத இடத்தில், நான்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பெரிய மேடம் இவர் பக்கம் திரும்பினார்.

“வீட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சது உங்களுக்கே வெக்கமா இல்லையா? அதை அப்புறம் பேசிக்கறேன். இது எங்க கிடைச்சுது?”

இவர் சின்னவளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார்.

“கேக்கறேன் இல்ல?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்! இப்பவும் அப்புறம் சொல்றேன்னா எப்ப? எந்தச் சாக்கடைன்னு சொன்னா என்ன குறைஞ்சிடும்?”

“சாக்கடை இல்ல,” என்றார். “சாக்கடைல கிடைச்சது எதுவும் அந்தக் கிருமியை முழுசாத் தின்னல. இது மேடத்தோட குடுவைல கிடைச்சது.”

சின்னவள் எழுந்தேவிட்டாள். “பார்த்தீங்களா? என் ரூமுக்குள்ள வந்ததை அவரே ஒத்துக்கறார்!”

“உள்ள வரல. முதல்ல தெளிஞ்ச குடுவையை நீங்க கழிவு வாளியில போட்டீங்க. கிருமி சாக அதை வேக வைக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்துக்கிட்டேன். கேட்டிருக்கணும். கேட்டா தர மாட்டீங்கன்னு கேக்கல. அது தப்பு.”

“நீங்களே கொண்டு வந்து விட்டுட்டு, நீங்களே வாளியில இருந்து எடுத்திருக்கலாம் இல்ல?”

“எடுத்திருக்கலாம்,” என்றார் இவர், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல. “நல்ல கேள்வி.”

எனக்கு அவரை உலுக்க வேண்டும்போல இருந்தது. பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றிச் சின்னவள் பக்கம் திரும்பினார். “கெட்டுப்போன குடுவையெல்லாம் வெச்சிருக்கேன்னு சொன்னியே, எங்கே?”

சின்னவள் இதற்காகவே காத்திருந்தவள். வெளியே போய் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக் குடுவைகள் அடுக்கடுக்காக நின்றன, ஒவ்வொன்றும் பளிங்கு மாதிரி. அவள் ஒன்றை எடுத்து, பஞ்சு அடைப்பைச் சட்டென்று பிடுங்கி, பெரிய மேடத்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“மோந்து பாருங்க. நல்ல கல்ச்சர் வாடை இப்படியா இருக்கும்? தினமும் நானே இப்படித் திறந்து சரிபார்த்துதான் சொல்றேன்.”

பெரிய மேடம் நாற்காலியோடு பின்னால் போனார். “மூடு அதை! முதல்ல மூடு!”

சின்னவள் திகைத்து மூடினாள்.

“இதையெல்லாம் இத்தனை நாள் எங்க வெச்சிருந்தே?”

“என் ரூம்லதான். அலமாரில பூட்டி. சாவி என்கிட்டயே இருக்கு.”

“நல்ல குடுவையெல்லாம் இருக்கற அதே ரூம்ல?”

“வேற எங்க வெச்சாலும் யாராவது மாத்தி வெச்சிடுவாங்கன்னு...”

“தினமும் இதைத் திறந்து மோந்து பார்ப்பே. அதே கையோட போய் நல்லதையும் திறந்து பார்ப்பே.”

எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் அந்த நிமிஷம் சின்னவளின் முகம் வெளிறியதைப் பார்த்து எல்லாம் புரிந்துபோயிற்று. அவள் படிக்கிற காலத்தில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தின்னி வந்த குடுவையை அந்த நிமிஷமே வேக வைத்து, அறையைக் கழுவி, காற்றைக்கூட விடாமல் சுத்தம் செய்ய வேண்டும் என்று. அது அவளுக்குத் தெரியாததா? தெரியும். திருடனைப் பிடிக்கிற வேகத்தில் அவள் விஞ்ஞானியாக இருப்பதை விட்டுவிட்டுக் காவல்காரியாகிவிட்டாள். அவள் சேர்த்துவைத்த சாட்சிகள்தான் தினமும் ஒரு குடுவையைக் கொன்றுகொண்டிருந்தன. சாட்சி கூடக் கூட நாசம் கூடியதில் என்ன ஆச்சரியம்?

“அப்ப முதல் குடுவைக்கு எப்படி வந்துது?” என்றாள் சின்னவள். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. ஆனாலும் விடவில்லை. அந்த நேரத்தில்கூட எனக்கு அவளைப் பற்றிப் பெருமையாகத்தான் இருந்தது.

இவர் மெதுவாகச் சொன்னார். “ஆஸ்பத்திரில நோயாளிகிட்ட எடுத்த கிருமியோட வந்த மூல ட்யூப் ஒண்ணு உறைபெட்டில இருக்கு. வந்த அன்னிக்கு நீங்களே சீல் வெச்சது. நானோ வேற யாரோ தொட்டது இல்ல. அதை வேற கட்டடத்துல, புதுக் கண்ணாடில, வேற ஆளை விட்டு வளர்த்துப் பாருங்க. அது கலங்கலாவே இருந்தா நான் திருடன். தெளிஞ்சா, நோயாளி வயித்துல இருந்தே அது கிருமியோட சேர்ந்து வந்திருக்கு.”

“இது உங்களுக்கு எப்பத்திலிருந்து தெரியும்?” என்றார் பெரிய மேடம்.

“யூகம்தான். கொஞ்ச நாளா.”

“வேலையை விட்டு நிறுத்தினப்பக்கூட ஏன் சொல்லல?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லியிருந்தால் பழி யார்மேல் திரும்பியிருக்கும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. சின்னவள் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

வேறொரு கட்டடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் அந்த மூல ட்யூபை வளர்த்தார். சில குடுவைகள் கலங்கின. கலங்கியவற்றில் சில தெளிந்தன. தெளிந்ததை எடுத்துச் சோதித்தால் அதே தின்னி.

முடிவு தெரிந்த அன்று மாலை சின்னவள் வீட்டுக்கு வந்தாள். இவர் எதிரில் நின்றாள். “மாமா” என்றாள்.

“ரூமைக் கழுவியாச்சா?” என்றார் இவர்.

“கழுவியாச்சு.”

“அலமாரியையும்?”

“அதையும்.”

“அப்ப உட்காரு. இத்தனை நாள் நான் சாக்கடைல தேடினதை நீ அலமாரில பூட்டி வெச்சிருந்தே. அதை என்ன பண்ணலாம்னு பேசுவோம்.” காகிதத்தைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் சண்டை அவ்வளவு சுலபமாக முடிந்துபோயிற்று. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவள் போன பிறகு நான் அவரிடம் போய் நின்றேன். “என்கிட்ட ஒரு வார்த்தை திட்டிடுங்களேன்.”

“திட்டறதுக்கு என்ன இருக்கு?” இந்த முறை கேட்காமலே மீதியும் வந்தது. “அவ சந்தேகப்பட்டா. அது அவ தொழில். சோதிச்சுப் பார்த்தா, தப்புன்னு தெரிஞ்சுது, விட்டுட்டா. நீ என்ன சோதிச்சே?”

நான் எதையும் சோதிக்கவில்லை. பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். கூட வாழ்ந்தவரிடம் “நீங்களா பண்ணினீங்க?” என்று ஒரே ஒரு முறை முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. அன்றைக்கு நான் அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

பிறகு அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சின்னவளின் பிரிவிலேயே, ஆனால் தனிக் கட்டடத்தில், ஒரு அறையும் கிடைத்தது. தின்னியைப் பெருக்கினார்கள், சுத்தம் செய்தார்கள், எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிக் குழந்தைகளுக்குக் கொடுக்குமுன், நல்ல உடம்புக்கு அது தீங்கு செய்யாது என்று நிரூபிக்க வேண்டும். அதற்குக் குடித்துக் காட்ட ஆட்கள் தேவை. எங்கிருந்து வந்த சரக்கு என்று ஊரில் அரசல்புரசலாகத் தெரிந்திருந்ததால் கூட்டம் ஒன்றும் அலைமோதவில்லை. ஆபீஸ் ஊழியர்களும் அவர்கள் வீட்டார் சிலரும்தான் முன்வந்தார்கள். நானும் போனேன்.

மேஜைக்குப் பின்னால் இவர் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்னவள் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“எதுக்கு வந்தே?” என்றார்.

“உங்க மருந்தை நான் குடிக்காம வேற யார் குடிப்பா?”

“அப்ப வேண்டாம். வீட்டுக்குப் போ.”

எனக்குச் சுருக்கென்றது. பின்னால் ஆட்கள் நின்றார்கள். “ஏன்? எனக்கு என்ன குறைச்சல்?”

“நீ மன்னிப்பு கேக்க வந்திருக்கே. குடிச்சிட்டு வயிறு வலிச்சாக்கூட எனக்காக மறைச்சிடுவே. மறைக்கறவங்களால நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஆபத்து. என்னை நம்பறவங்க யாரும் இதுக்கு வேண்டாம்.” கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“நம்பறதா?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும் என்று விட்டுவிட்டேன். “யார் சொன்னா? சாக்கடையோரம் டப்பாவும் கையுமாக் குந்தியிருந்த மனுஷன் நீட்டறதைக் கண்ணை மூடிட்டுக் குடிக்க நான் என்ன பைத்தியமா? எலிக்கு ஒண்ணும் ஆகலைங்கறீங்க. எலி வாயைத் திறந்து சொல்லுமா? இதுல எனக்கு இன்னும் சந்தேகம்தான். குடிச்சிட்டு ஒரு ஏப்பம் வந்தாலும் உங்க சட்டையைப் பிடிச்சுக் கேப்பேன். உங்களைக் கேக்காம வேற யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். அதுதான் நான் திருத்திக்கிட்டது. சந்தேகத்தை விடல.”

சின்னவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். மையின் நிறத்தைப் பார்ப்பதுபோல நான் பிறரைப் பார்ப்பேனே, அப்படி.

“உட்காரு,” என்றார்.

சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள். நிறமே இல்லை. மூக்கருகே கொண்டுபோனேன், வாடையும் இல்லை. குடித்தேன்.

“எப்படி இருக்கு?”

“உப்புக் கரிக்குது.”

“எழுதிக்க,” என்றார் சின்னவளிடம். என்னிடம் திரும்பினார். “வேற என்ன?”

இந்த மனிதர் என்னிடம் இப்படிக் கேட்டு நான் கண்டதே இல்லை. தொண்டை வறண்டிருக்கிறது என்றேன். கை சில்லென்று இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் “வேற?” என்றார்.

“பயமா இருக்கு,” என்றேன்.

அதையும் எழுதச் சொன்னார்.